அவன் வந்தபோது நேசம்மாள் வாசித்தது

முப்பத்து நாலு வயதாகும் வரை நேசம்மாள் ஒரு சினிமா கூடப் பார்த்ததில்லை. அவள் புருஷன் எபநேசருக்கோ டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டுவதுதான் வேலை. ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. “மீன்காரன் பொண்டாட்டிக்கு மீன் வாடை ஆகாதாம்” என்பாள் பக்கத்து வீட்டு வெயிலம்மாள். நேசம்மாளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் கொட்டகைப் பக்கம் போக மாட்டாள்.

அவளுடைய அப்பா கிறிஸ்தவ சபையில் உபதேசியாராக இருந்தவர். சாகக் கிடக்கும்போது மகளிடம் இரண்டு விஷயம் சொன்னார். தன்னுடைய கை ஆர்மோனியத்தை அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது. கூத்துக்கும் சினிமாவுக்கும் போகக் கூடாது. இரண்டுக்கும் தலையாட்டினாள். அப்போது எபநேசர் கோவில்பட்டி மில் ஒன்றில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வேலை போனபின், எஞ்சின் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்த சேக் முகம்மதுவின் கொட்டகையில் சேர்ந்தான். முதலில் எஞ்சின் ஓட்டினான், பிறகு படமும் ஓட்டினான். மாமனார் உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ என்று அவனுக்கும் உறுத்தல்தான். ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் சாலையை ஒட்டி அவர்கள் வீடு. நேசம்மாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக் கோயிலில், காலால் மிதிக்கும் கால்பெட்டி ஆர்மோனியம் வாசிப்பாள். சாவு, கலியாணம், கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை எதுவானாலும் அவள்தான். வீட்டில் இன்னொரு ஆளும் உண்டு. அவளுடைய தங்கை ஞானப்பூ.

ஞானப்பூவுக்கு இரண்டரை வருஷம் முன்னால் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை கொழும்பில் கடை வைத்திருப்பதாகச் சொன்னான். வெள்ளைச் சட்டை, அடக்கமான பேச்சு, கோயிலில் எழுந்து நின்று பாடினால் தூண் அதிரும் குரல். சபைக் கமிட்டிச் செயலாளர் தேவஆசீர்வாதம்தான் நடுவில் நின்று பேசி முடித்தார். “நான் விசாரிச்சுட்டேன், தங்கமான பையன்” என்றார். நேசம்மாள் ஆர்மோனியம் வாசிக்க, ஞானப்பூ தலை குனிந்து நடந்து வந்தாள்.

ஆறு மாதம் கழித்து, கப்பலேறப் போன புருஷனை வழியனுப்ப ஞானப்பூ தூத்துக்குடிக்குப் போனாள். துறைமுகத்தில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளை ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு “அப்பா” என்றது. ஞானப்பூ கையில் வைத்திருந்த பலகாரப் பொட்டலத்தை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ரயிலில் ஏறி ஊர் வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு அவள் தெருவில் இறங்குவது அரிதாயிற்று. ஊர் அவளைத் திட்டவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தது. “மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிருக்குமே, இது எப்படி ஏமாந்துச்சு?” என்று ஆச்சரியப்பட்டது. எல்லாருக்கும் முன்பே தெரிந்துதான் இருந்ததாம். அவனுடைய சிரிப்பே சரியில்லையாம். கலியாணத்தன்றே தனக்குத் திக்கென்று இருந்ததாக வெயிலம்மாள் சொன்னாள். அவள் அன்றைக்கு இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்ததை நேசம்மாள் பார்த்திருந்தாள். ஆனால் அதையெல்லாம் போய்ச் சொல்லிக்காட்ட முடியுமா?

ஐம்பத்தெட்டாம் வருஷம், பருத்தி வெடித்துக் கிடந்த மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சேக் முகம்மதுவின் கொட்டகைக்குப் புதுப்படம் வந்தது. மதியத்து ரயிலில்தான் படப்பெட்டி வந்து இறங்கியது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை. காலையிலிருந்தே தகரக் குழாயைக் கட்டிய வண்டி கிராமம் கிராமமாகக் கூவிவிட்டு வந்திருந்தது. பொழுது சாயும் முன்னே கரிசல் காட்டுப் பாதைகளில் மாட்டு வண்டிகள் வரிசையாக வந்தன. பருத்தி எடுத்துவிட்டு அப்படியே வந்த பெண்கள், மடியில் கடலையோடு மணலைக் குவித்து உட்கார்ந்தார்கள்.

முதல் ஆட்டத்துக்கு முன்னால் பாட்டுத் தட்டு போடப் போனபோது ஒலிபெருக்கியில் ஒரு முறை படீரென்று சத்தம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. எபநேசர் ஒலிபெருக்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தான். வால்வு கருகிப் போயிருந்தது. மாற்று வால்வுக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும்.

“படம் ஓடும் மொதலாளி. சத்தம் வராது” என்றான்.

சேக் முகம்மது மிளகாய் வற்றல் வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். கூட்டத்தை எட்டிப் பார்த்தார். “இம்புட்டுப் பேரும் எங்கெங்க இருந்தோ வந்திருக்காக. பச்சப் பிள்ளையெல்லாம் தூக்கிட்டு வந்திருக்காக. திரும்பிப் போங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்? ஊமைப் படம் ஓடுன காலத்தில பக்கத்தில ஒரு ஆளு உக்காந்து ஆர்மோனியப் பெட்டி வாசிப்பான், ஒருத்தன் கதை சொல்லுவான். நான் சின்னப் பிள்ளையில திருநெல்வேலியில பாத்திருக்கேன். கதைய நான் சொல்லுதேன். பெட்டிக்கு யாரு இருக்கா?”

எபநேசர் கொஞ்சம் தயங்கிவிட்டு, “வீட்டில ஒரு பெட்டி இருக்கு” என்றான். நாடகக் கம்பெனியில் இருந்த ஒருவரைக் கூட்டிவந்து வாசிக்க வைக்கலாம் என்று அவன் நினைப்பு.

ஆள் போய்க் கேட்டபோது நேசம்மாள் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். “பெட்டிய யாரு கையிலயும் கொடுக்கிறதா இல்லை. எங்க வீட்டு அவிய கேட்டாலும் சரிதான்” என்றாள். வந்த ஆள் கொட்டகை இருக்கும் நிலைமையைச் சொன்னான். கைப்பிள்ளைகளோடு பெண்கள் மணலில் காத்திருப்பதைச் சொன்னான். நேசம்மாள் துடைத்த விளக்கைக் கீழே வைத்தாள். அப்பாவிடம் கொடுத்த இரண்டு வாக்கில் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை விட வேண்டியிருந்தது. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள். இருட்டும் நேரத்தில் அக்காளைத் தனியே விட மனமில்லாமல், லாந்தரை எடுத்துக்கொண்டு ஞானப்பூவும் கூட நடந்தாள். மாதக் கணக்குக்குப் பிறகு அவள் தெருவில் நடந்தது அன்றைக்குத்தான்.

கொட்டகையில் நாடகக்காரர் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. சேக் முகம்மது கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “தங்கச்சி, நீங்கதான் மனசு வைக்கணும்” என்றார்.

“எனக்குக் கீர்த்தனையும் தாலாட்டுந்தான் தெரியும் அண்ணாச்சி. சினிமாவுக்கு என்ன வாசிப்பாகன்னு எனக்குத் தெரியாது.”

“எனக்கும் கதை தெரியாது. பாட்டுப் புஸ்தகத்தில பாதிக் கதை போட்டிருக்கு. அதை வச்சுத்தான் நான் ஓட்டணும்.”

பெண்கள் பக்கத்துத் தட்டியை ஒட்டி, திரைக்குப் பக்கவாட்டில் ஒரு முக்காலி போட்டார்கள். ஞானப்பூ காலடியில் மணலில் உட்கார்ந்தாள். விளக்கணைந்தது.

சேக் முகம்மது தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். “இவருதான் பொண்ணுக்குத் தகப்பனார். நல்ல மனுசன். மிளகாய் யாவாரத்தில நட்டப்பட்டவர்.” அவர் வாத்தியார் என்பது மறுநாள் படத்தில் சத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. அந்த ஆள் முகத்தில் அத்தனை கவலை இருந்தது.

நேசம்மாளுக்கு முதலில் கை ஓடவில்லை. அவ்வளவு பெரிய முகங்களை அவள் பார்த்ததே இல்லை. ஒரு கண் மட்டுமே ஒரு ஜன்னல் அளவுக்கு இருந்தது. படத்துப் பெண் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும்போது, தன்னையறியாமல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சின்ன மெட்டை வாசித்தாள். கூட்டத்தில் கசகசப்பு அடங்கியது. பிறகு அவள் பயப்படவில்லை. தகப்பனார் முகம் வாடினால் மெல்ல இழுத்தாள். பெண் சிரித்தால் விரல்கள் துள்ளின. ஆனால் அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது. முகத்தைப் பார்க்க வேண்டியது, வாசிக்க வேண்டியது, அவ்வளவுதான்.

அப்போதுதான் அவன் வந்தான். தெருவில் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினவன், சக்கரம் கழன்று சாய்ந்து கிடந்த தகப்பனாரின் வண்டியைத் தோள் கொடுத்துத் தூக்கினான். வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. அவன் சிரித்துக்கொண்டே துடைத்தான். நேசம்மாளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. தனக்குத் தெரிந்ததிலேயே இனிமையான ஒரு கீர்த்தனையை அவனுக்கு வாசித்தாள். கொட்டகையே நெகிழ்ந்தது. “பொண்ணுக்கு ஏத்த பையன்” என்று ஒரு கிழவி உரக்கச் சொன்னாள். சேக் முகம்மதுவும் குழாயில், “பாருங்க மக்களே, பணக்காரன்னாலும் கையில அழுக்குப் படச் சம்மதிச்சான்!” என்று சேர்த்துக்கொண்டார்.

பாட்டுப் புத்தகத்துக் கதை அந்த இடத்தோடு முடிந்தது. ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று அச்சடித்திருந்ததையும் சேக் முகம்மது ஒரு வேகத்தில் சேர்த்து வாசித்துவிட்டார். பிறகு அவரும் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்க்கத் தொடங்கினார்.

கலியாணம் வந்தது. நேசம்மாளின் விரல்களுக்குக் கலியாணம் என்றால் ஒரே ஒரு கீர்த்தனைதான் தெரியும். அது எது என்று பாதி வாசித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தங்கை நடந்து வந்த அன்றைக்கு வாசித்ததும் அதுதான். நிறுத்த முடியவில்லை, திரையில் பெண் நடந்துகொண்டிருந்தாள். காலடியில் இருந்த ஞானப்பூவைக் குனிந்து பார்த்தாள். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சில காட்சிகள் நன்றாகவே போயின. ஒரு நாள் மாலை. வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பெண் ஓடிப் போய்த் திறந்தாள். வாசலில், கையில் பிள்ளையோடு இன்னொருத்தி நின்றாள். பிள்ளை அந்தப் பெண்ணைத் தாண்டி உள்ளே பார்த்தது. உள்ளே இருந்தவனைப் பார்த்துக் கையை நீட்டியது.

நேசம்மாளின் கை நின்றுவிட்டது. துருத்தியில் மிச்சமிருந்த காற்று ஒரு பெருமூச்சாக வெளியேறியது. சேக் முகம்மது குழாயை இறக்கிவிட்டார். படம் ஓடும் படபடப்பும், தூரத்தில் எஞ்சின் அடிக்கும் சத்தமும் மட்டும் கேட்டன. அத்தனை பேர் இருந்த கொட்டகையில் ஒரு இருமல் இல்லை. திரையில் அந்தப் பெண் வெகு நேரம் நின்றாள். அப்புறம் வந்தவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

யாரோ ஒரு பெண் தேம்ப ஆரம்பித்தாள். பிறகு பல பேர். ஆண்கள் பக்கத்தில் ஒருவர், “அடப் பாவி, ஒன்னைய நம்புனமே, லே!” என்று கத்தினார். அதில் ஆத்திரத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

படம் முடிந்து அக்காளும் தங்கையும் வீடு திரும்பினார்கள். வாசலில் லாந்தரை இறக்கி வைத்துவிட்டு ஞானப்பூ சொன்னாள்:

“அக்கா, அவன் வாரப்ப நீ வாசிச்சது ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“கெட்டவனுக்குப் போயி வாசிச்சிருக்கேனேட்டி.”

“அப்படித்தான இருந்துச்சு, அன்னைக்கு” என்றாள் ஞானப்பூ.

மறுநாள் மதுரையிலிருந்து வால்வு வந்தது. முந்தின நாள் வந்தவர்கள் விரும்பினால் சும்மாவே வந்து பார்க்கலாம் என்று சேக் முகம்மது சொல்லிவிட்டார். பாதிப் பேருக்கு மேல் திரும்ப வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், நேசம்மாள் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது வெயிலம்மாள் வேகமாக உள்ளே நுழைந்தாள். தீப்பெட்டி ஒட்டும் பசை கையில் காய்ந்து கிடந்தது. சண்டைக்கு வருகிறவள் போல இருந்தாள்.

“என்னட்டி நேசம், எங்களைப் போட்டு இப்படிக் குழப்பிட்ட?”

“என்னத்தைக்கா?”

“நேத்து நானும் போயிருந்தேன். கொட்டகையில சத்தம் வந்துச்சு. அந்தப் பய கார் வாரதுக்கு முந்தியே கும்முன்னு ஒரு சத்தம். அவன் மூஞ்சியவே இன்னும் காட்டலை, அதுக்குள்ள எல்லாப் பயலுவளும் ‘வில்லன், வில்லன்’னு கத்துதான். அந்தப் பொண்ணு அவனைப் பாத்துச் சிரிக்கா. கொட்டகையே அவளைப் பாத்துச் சிரிக்குது. கூறு கெட்டவளேன்னு நானும் ஏசுதேன். அப்பத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. முந்தின நாளு இதே நான்தான அவனைப் பாத்து, எம் மகளுக்கு இப்படி ஒருத்தன் வாய்க்கணும்னு நெனச்சேன்?”

நேசம்மாள் கையிலெடுத்த வேதப் புத்தகத்தைத் திரும்ப வைத்தாள்.

“அதே மூஞ்சி. அதே சிரிப்பு. ஒரு நூலு மாறலை” என்றாள் வெயிலம்மாள். குரல் தணிந்திருந்தது. உள்ளே பார்த்தாள். “ஞானப்பூ எங்க?”

“அடுப்படியில இருக்கா.”

வெயிலம்மாள் அடுப்படி வாசல் வரை போனாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று நேசம்மாளுக்குப் பதறியது. அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “ஏட்டி ஞானப்பூ, எம் மகளுக்குக் கையில புண்ணு. தீப்பெட்டி ஒட்ட ஆள் இல்லை. மத்தியானம் அங்கன வாரியா? பேசிக்கிட்டே ஒட்டலாம்” என்றாள். மத்தியானம் ஞானப்பூ போனாள்.

வெயிலம்மாள் சொன்னது நேசம்மாளை விடவில்லை. ஒரு தடவை போனதோடு அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு உடைந்துதான் போயிற்று. அந்தச் சத்தம் என்னவென்று தன் காதால் கேட்டுவிட வேண்டும் என்று பட்டது. திங்கட்கிழமை முதல் ஆட்டத்துக்குப் போய்ப் பெண்களோடு மணலில் உட்கார்ந்தாள்.

வெயிலம்மாள் சொன்னது சரிதான். திரையில் வெறும் தெருவும் புழுதியும்தான் இருந்தன. அதற்குள் நிறைய வயலின்கள் அடிக்குரலில் ஒரே சுரத்தைப் பிடித்து நடுங்கின. முடிவு தெரிந்த ஒருவர் பின்னால் உட்கார்ந்து காதில் சொல்வது போல இருந்தது. கதைக்குள் இருந்த தகப்பனாருக்கு அது கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் கேட்கவில்லை. மணலில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தவர்களுக்குத்தான் கேட்டது. அதனால் எல்லாரும் அவளைவிடப் புத்திசாலிகளாகிவிட்டார்கள். அவளுக்காகப் பயந்தார்கள், பரிதாபப்பட்டார்கள். ஆனால் அவளோடு சேர்ந்து யாரும் ஏமாறவில்லை.

அப்படியென்று அந்த இசையை அவளால் வெறுக்கவும் முடியவில்லை. மகளை அனுப்பிவிட்டுத் தகப்பனார் காலி வீட்டில் தனியாக உட்காரும் காட்சி ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் அவள் என்னவோ ஒப்புக்கு வாசித்துவிட்டாள்; சேக் முகம்மது, “ஐயா களைச்சுப் போயிட்டாரு” என்று சொன்னார். இப்போது ஒரே ஒரு புல்லாங்குழல் வந்தது. மகள் சின்ன வயதில் பாடின பாட்டின் முதல் வரி, பாதியில் நின்றது. மறுபடி தொடங்கி, மறுபடி நின்றது. அந்த மனிதர் வாய் திறக்கவில்லை, முகமும் அசையவில்லை. ஆனால் அவர் எதை நினைக்கிறார் என்று கொட்டகை முழுவதற்கும் தெரிந்தது. பேச்சால் சொல்லியிருந்தால் அது இத்தனை தூரம் போயிருக்காது என்று நேசம்மாள் நினைத்தாள். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் மதராஸில் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போல இருந்தது.

கதவு தட்டும் காட்சியில் மேளமும் தாளமும் சேர்ந்து இடித்தன. பக்கத்திலிருந்த பிள்ளை பயந்து அழுதது. எவ்வளவு துக்கப்பட வேண்டும் என்று அந்தச் சத்தமே அளந்து கொடுத்துவிட்டது. தன் கை நின்றுபோனது தவறா சரியா என்று நேசம்மாளுக்கு விளங்கவில்லை. ஒருவேளை இரண்டுமே சரியாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

விஷயம் சபைக் கமிட்டிக்குப் போகாமல் இருக்குமா? அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஐயர், அதாவது அவர்கள் குருவானவர், நடுவில் உட்கார்ந்திருந்தார். பேசினது தேவஆசீர்வாதம்.

“கோயில்ல வாசிக்கிற கீர்த்தனையக் கொண்டுபோய்க் கொட்டகையில வாசிச்சீங்களாமே. உண்மையா?”

“ஆமாய்யா.”

“அதுவும் பொண்டாட்டி இருக்கையில இன்னொருத்தியக் கெடுக்க வந்தவனுக்கு! அவன் வாரப்பவே ஆளு எப்படின்னு தெரியலையா ஒங்களுக்கு?”

நேசம்மாள் குத்திக்காட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே வேறு பதில் தெரியவில்லை.

“தெரியலைய்யா. ஒங்களுக்கு அன்னைக்குத் தெரிஞ்சுதா?”

எந்த அன்றைக்கு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. தேவஆசீர்வாதம் மேசைமேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக அவர் ஞானப்பூ வரும் வழியில் எதிர்ப்பட்டால் வேறு சந்தில் திரும்பிப் போகிறவர். அவரையும் ஊர் விட்டுவைக்கவில்லை. என்ன வாங்கிக்கொண்டு அந்த மாப்பிள்ளையைக் கொண்டுவந்தாரோ என்று பேசினவர்கள் உண்டு.

“இல்லம்மா” என்றார் கடைசியில். “தெரிஞ்சிருந்தா செய்வேனா? நல்லவன்னுதான் நெனச்சேன்.”

ஆனாலும் கமிட்டி கமிட்டிதான். மூன்று மாதம் அவள் ஆர்மோனியத்தில் உட்காரக் கூடாது என்று தீர்மானமாயிற்று. தேவஆசீர்வாதமும் அதற்குக் கை தூக்கினார். நேசம்மாள் அந்த மூன்று மாதமும் மற்றப் பெண்களோடு பாயில் உட்கார்ந்து பாடினாள். மனவருத்தம் இல்லாமல் இல்லை. ஒரு சமயம் பாதிப் பாட்டில் சுருதி இறங்கியபோது விரல்கள் தாமாக முழங்காலில் அசைந்தன. ஆனால் ஒரு மாற்றம் நடந்தது. அந்தக் கூட்டம் முடிந்த மறுநாள் தேவஆசீர்வாதம் வீட்டுக்கு வந்தார். ஞானப்பூவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, “பிள்ள, என்னால ஒனக்கு இப்படி ஆயிப்போச்சு” என்றார். “ஒங்களால இல்ல பெரியப்பா. நல்லாத்தான இருந்தான்” என்றாள் அவள். அப்படிச் சொல்ல அவளுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு ஞானப்பூ கோயிலுக்கு வரத் தொடங்கினாள். வெயிலம்மாள் வீட்டில் பெட்டி ஒட்டும் பெண்களுக்கு அவள்தான் படக் கதை சொல்லுவாள். மூன்று மாதம் கழித்து நேசம்மாள் மறுபடி ஆர்மோனியத்தில் உட்கார்ந்தாள். எபநேசர் புதுப்படம் எது வந்தாலும், “பின்னணி இசை நல்லாயிருக்கு, வாரியா?” என்று கேட்பான். சில படங்களுக்குப் போனாள், சிலவற்றுக்குப் போகவில்லை. படம் பார்த்துவிட்டு வந்தால் கதையைப் பற்றிப் பேச மாட்டாள். எந்த இடத்தில் வாத்தியம் நின்றது என்று பேசுவாள். அவனுக்கு அது பழகிவிட்டது.

அறுபதாம் வருஷம் அசனப் பண்டிகைக்கு வாலிபர் சங்கம் நாடகம் போட்டது. சங்கத்துப் பையன் ஒருவன் எழுதின கதை. அண்ணன் தம்பி மூன்று பேர். ஊருக்கே தீவனம் கொடுக்கிற அவர்களுடைய பெரிய வைக்கோல் படப்பு எரிந்து போகிறது. பழி பண்ணையாளின் மேல் விழுகிறது. அவன் ஊரைவிட்டுப் போகிறான். தீ வைத்தது யார் என்றால், எல்லாருக்கும் செல்லமான கடைசித் தம்பி. அந்த வேஷத்தைப் பாக்கியசாமி போட்டான். மணியாச்சி ஜங்ஷனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன்; லீவு போட்டுவிட்டு ஒத்திகைக்கு வந்தான்.

“அக்கா, நான் மேடைக்கு வாரப்பல்லாம் ஒரு மாதிரி கனமா வாசிங்க. கூட ஒரு டிரம்மும் வச்சுக்கிடுவோம். சினிமாவில மாதிரி” என்றான்.

“ஒனக்கும் ஒங்க அண்ணன்மாருக்கும் ஒரே மெட்டுதான்” என்றாள் நேசம்மாள்.

“அப்படின்னா நான்தான்னு எப்படித் தெரியும்?”

“எதுக்குத் தெரியணும்? மூணு பேரும் ஒரே தட்டில சாப்பிடுதீங்க. ஒன்னைய மட்டும் பிரிச்சு வாசிச்சா, அந்த அண்ணங்காரனுக்குக் காது இல்லையான்னு கேப்பாக.”

அவன் முகம் தொங்கிப் போயிற்று. ஐயரிடம் போய் முறையிட்டான். ஐயர், “இசை, டீச்சர் பொறுப்பு” என்று சொல்லிவிட்டார்.

பண்டிகை அன்று சாயங்காலம், கோயில் வளாகத்தில் வேட்டி கட்டித் திரை போட்டு நாடகம் நடந்தது. அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் ஒரே மெட்டு. உழவுக்குப் போகிறவர்கள் வாயில் வரும் ஒரு சாதாரண மெட்டு. தீ பிடித்த காட்சிக்குக்கூட நேசம்மாள் அதிகம் சத்தப்படுத்தவில்லை. பாதி நாடகத்துக்கு மேல் ஜனங்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். நடு அண்ணன்தான் என்றார்கள் சிலர். அவன் கண் சிவந்திருந்ததாம். பண்ணையாள்தான், அவன் திருட்டு முழி முழிக்கிறான் என்றார்கள் சிலர். பண்ணையாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது மட்டும் அவள் ஒரு வரி தனியாக வாசித்தாள். பாதியில் விட்டாள். மறுபடி தொடங்கி, மறுபடி விட்டாள். அந்த ஆள் வசனம் எதுவும் பேசாமலேயே மேடையை விட்டு இறங்கிப் போனான். முன்வரிசையில் இருந்த தேவஆசீர்வாதம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

கடைசியில் பாக்கியசாமி மேடை நடுவில் வந்து, கையிலிருந்த தீப்பெட்டியைக் கீழே போட்டு, “நான்தான் அண்ணே” என்றபோது ஆர்மோனியம் வாசிக்கவில்லை. கூட்டத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. அவன் பயந்துபோய் நேசம்மாளைத் திரும்பிப் பார்த்தான். அவள் துருத்தியில் கை வைத்தபடி ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தியில் ஞானப்பூ சோறு பரிமாறிக்கொண்டு வந்தாள். வேஷம் கலைக்காமல் உட்கார்ந்திருந்த பாக்கியசாமியின் எதிரில் வெயிலம்மாள் வந்து நின்றாள். அவள் கிறிஸ்தவப் பெண் அல்ல. அசனத்துக்கென்று ஆண்டுதோறும் வருகிறவள்.

“ஏன்யா பாக்கியசாமி, அந்த மூணு பேருல ஒம் மேலதான நான் அத்தனை நம்பிக்கை வச்சிருந்தேன். ஏன்யா இப்படிப் பண்ணுன?”

அவள் கண் கலங்கியிருந்தது. விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று கண்ட பாக்கியசாமி பிசைந்த சோற்றை இலையில் விட்டான்.

“தெரியலை அத்த” என்றான். “எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது.”

ஞானப்பூ அவன் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு, வெயிலம்மாளின் கையைப் பிடித்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்தாள்.